சாதி கேட்டு வேலை பிரித்த சிறைகள்: 2024 தீர்ப்பும் பாளையங்கோட்டையும்

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு, வந்த வேகத்திலேயே தலைப்புச் செய்திகளிலிருந்து மறைந்துவிட்டது. வழக்கின் பெயர் சுகன்யா சாந்தா எதிர் இந்திய ஒன்றியம். சிறைக்குள் யார் சமைப்பது, யார் கழிவறை கழுவுவது, யார் எந்தப் பகுதியில் படுப்பது என்பதையெல்லாம் சாதி பார்த்து முடிவு செய்யும் விதிகள் செல்லாது என்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. செய்தியைப் படித்த பலரும் முதலில் கேட்டது, "இப்படியெல்லாம் இன்னுமா எழுதி வைத்திருந்தார்கள்?" என்பதுதான்.

எழுதித்தான் வைத்திருந்தார்கள். அதுவும் அரசு அச்சடித்த கையேடுகளில், வரிசை எண் போட்டு.

மேற்கு வங்கத்தின் 1967 சிறை விதிகளை எடுத்துக்கொள்வோம். தனி அறையில் நோயுற்றுக் கிடக்கும் கைதிக்கு உணவு சமைத்து எடுத்துச் செல்ல வேண்டியவர் "பொருத்தமான சாதி"யைச் சேர்ந்த கைதிச் சமையல்காரராக இருக்க வேண்டும் என்கிறது 741ஆம் விதி. துப்புரவு வேலைக்கு யாரை எடுப்பது என்று 793ஆம் விதி இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது: மேத்தர் அல்லது ஹரி சாதியிலிருந்து, இல்லாவிட்டால் சண்டாளர் அல்லது அந்த மாவட்ட வழக்கப்படி வெளியிலும் அதே வேலையைச் செய்யும் பிற சாதிகளிலிருந்து, தானாக முன்வந்தால் எந்தச் சாதிக்காரரும் செய்யலாம். கடைசி வரியைக் கவனியுங்கள். மற்றவர்களுக்கு விருப்பம் இருந்தால் போதும். முதலில் சொன்னவர்களுக்கு விருப்பம் என்ற கேள்வியே கிடையாது.

இதே கையேட்டின் 404ஆம் விதி, தண்டனைக் கைதிகளிலிருந்து இரவுக் காவலுக்கு ஆள் தேர்ந்தெடுப்பது பற்றியது. அப்படித் தேர்வாகிறவர், தப்பியோடும் இயல்பு கொண்ட கூட்டங்களைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாதாம். அதற்கு உதாரணமாக நாடோடிப் பழங்குடிகளைச் சொல்கிறது. ஒரு மனிதர் தப்பித்தாரா, தப்பிக்க முயன்றாரா என்பதெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. பிறந்த கூட்டம் தெரிந்தால் போதும்.

1967 பழைய காலம் என்று தள்ளிவிடலாம் என்றால், உத்தரப் பிரதேசக் கையேடு குறுக்கே நிற்கிறது. அது 2022இல் புதிதாகக் கொண்டுவரப்பட்டது. மெய்க்காவல் தண்டனை (கடுங்காவல் அல்லாத சாதாரணச் சிறை) பெற்றவரை இழிவான வேலைகளைச் செய்யச் சொல்லக் கூடாது என்று அதன் 289ஆம் விதி ஆரம்பிக்கிறது. நல்ல விதிதான் போலிருக்கிறதே என்று நினைப்பதற்குள் விலக்கு வந்துவிடுகிறது: அத்தகைய வேலைகளைச் செய்து பழகிய வகுப்பையோ சமூகத்தையோ சேர்ந்தவராக இருந்தால் செய்யச் சொல்லலாம். ஒரே குற்றம், ஒரே தண்டனை, ஒரே சிறை. ஒருவருக்கு இழிவாகத் தெரிவது அடுத்தவருக்குப் பழக்கமாகிவிடுகிறது. விசாரணையில் அரசுத் தரப்பு, தங்கள் சிறைகளில் பாகுபாடே இல்லை என்றது. நீதிபதிகள் கையேட்டின் வரிகளையே எடுத்துக் காட்டிக் கேட்டார்கள். அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

ஒரு செய்தியிலிருந்து வந்த வழக்கு

சுகன்யா சாந்தா ஒரு பத்திரிகையாளர். இந்தியச் சிறைகளில் வேலைகள் சாதிப்படி பங்கிடப்படுவதைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 2020 டிசம்பரில் தி வயர் தளத்தில் வெளியானது. அதில் ராஜஸ்தானின் அல்வர் சிறையில் இருந்த ஓர் இளைஞரின் கதை வரும். எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்தவர். உள்ளே நுழைந்ததும் அவரிடம் கேட்கப்பட்டது என்ன குற்றம் என்று. அடுத்து, என்ன சாதி என்று. சாதியைச் சொன்ன பிறகு அவருக்குக் கிடைத்தது துப்புரவு வேலை. கைத்தொழிலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதி அவர்.

கட்டுரை வந்த சில நாள்களிலேயே ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது. 2021 பிப்ரவரியில் அந்த மாநில அரசு தன் பழைய சிறை விதிகளைத் திருத்தியது. 1951இலிருந்து, மேல் சாதிக் கைதிகளைச் சமையலுக்கு எடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த விதிகள் அவை. எழுபது ஆண்டுகள் யாரும் தொடாத ஒன்று, ஒரு கட்டுரைக்கும் ஒரு நீதிமன்ற நோட்டீஸுக்கும் பிறகு இரண்டே மாதத்தில் மாறியது. எந்த அரசும் இந்த விதிகளுக்காகப் போராடவில்லை என்பதை அந்த வேகமே காட்டுகிறது. யாரும் படிக்கவில்லை, படித்தவர்களுக்கு உறுத்தவில்லை. இவ்வளவு காலம் உயிரோடு இருந்ததற்கு அதுதான் காரணம்.

ஆனால் சிறைகள் மாநிலப் பட்டியலில் இருப்பவை. 1894ஆம் ஆண்டு சிறைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக விதி எழுதிக்கொள்கிறது. ராஜஸ்தான் திருத்தினால் வங்கம் திருத்த வேண்டியதில்லை. அதனால் சுகன்யா சாந்தா 2023இல் உச்ச நீதிமன்றத்துக்கே போனார். அவருக்காக மூத்த வழக்கறிஞர் எஸ். முரளிதர் வாதாடினார், வழக்கறிஞர் திஷா வாடேகர் உடனிருந்தார். 2024 ஜனவரியில் மத்திய அரசுக்கும், தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களுக்கும் நோட்டீஸ் போனது. ஜூலையில் விசாரணை முடிந்து, அக்டோபரில் தீர்ப்பு வந்தது. நம் நீதிமன்றங்களின் வழக்கமான நடைக்கு இது ஓட்டம்.

லோட்டாவிலிருந்து தொடங்கிய பயம்

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று தீர்ப்பு விரிவாகவே பேசுகிறது. காலனிய ஆட்சி கண்டுபிடித்த சாதி அல்ல இது என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஏற்கெனவே இருந்ததைச் சட்ட வரிகளாக்கி, அதற்கு ஒரு சிறை அதிகாரியைக் காவல் வைத்தது காலனிய ஆட்சிதான்.

ஆரம்பத்தில் வங்க மாகாணச் சிறைகளில் கைதிகளுக்குக் காசு கொடுத்துவிடுவார்கள். அவரவர் பொருள் வாங்கி அவரவர் சமைத்துக்கொள்ளலாம். 1838இல் அறிக்கை தந்த சிறை ஒழுங்குக் குழு இதை மாற்ற விரும்பியது. ஆனால் அதே குழு, உயர் சாதிக்காரரைக் கைத்தொழில் ஒன்றில் கட்டாயப்படுத்தினால் அது அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் தீராத அவமானம் ஆகிவிடும் என்றும் எழுதி வைத்தது. 1840களில் பொதுச் சமையல் வந்தபோது பல சிறைகளில் கலவரம் வெடித்தது. 1855இல் பீகாரின் ஆராவிலும் முசாஃபர்பூரிலும் கைதிகளிடமிருந்து பித்தளை லோட்டாக்களை, அதாவது தண்ணீர்ச் செம்புகளை, பிடுங்கிக்கொண்டு மண் பாத்திரம் கொடுத்தார்கள். சிறைக்குள் மட்டுமல்ல, ஊருக்குள்ளும் கொந்தளிப்பு. இரண்டே ஆண்டில் 1857 கிளர்ச்சி வந்தது. அதற்குப் பிறகு வெள்ளைக்கார அதிகாரிகள் சாதியைத் தொடவே பயந்தார்கள். பிராமணச் சமையல்காரர் கேட்டால் கொடு, மலம் அள்ள யார் வழக்கமோ அவர்களையே அள்ள வை, பிரச்சினை வராமல் பார்த்துக்கொள். சிறை நிர்வாகத்துக்கு வசதியான கொள்கை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலவரம் செய்யும் பலம் இருந்தவர்களின் மனம் புண்படக் கூடாது என்பதுதான் அந்தக் கொள்கையின் கணக்கு. மலம் அள்ளியவருக்கு மனம் புண்பட்டதா என்று 1838 குழுவும் கேட்கவில்லை, 1967 விதியும் கேட்கவில்லை. "அமைதிக்காகத்தான் செய்கிறோம்" என்ற இந்த வாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கே திரும்பி வரப்போகிறது.

இன்னொரு கிளை 1871இல் முளைத்தது. குற்றப் பரம்பரைச் சட்டம். வட மாகாணங்களில் தொடங்கி, 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறமலைக் கள்ளர், மறவர், குறவர் எனப் பல சமூகங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கைரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். நம் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த மக்கள் மீது போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அந்த மக்களுக்காக நீதிமன்றத்தில் நின்றார். உசிலம்பட்டிப் பக்கத்து மக்களுக்கு அவர் ரோசாப்பூ துரை. முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி எனப் பலரும் சட்டத்தை எதிர்த்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் அது ஒழிந்தது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இல். அந்தச் சமூகங்களுக்கு சீர்மரபினர் என்று பெயர் வந்தது.

சட்டம் போனாலும் அதன் கண் சிறைக் கையேட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வங்க விதியில் "நாடோடிப் பழங்குடி". வேறு சில மாநிலங்களில் "வழக்கமான குற்றவாளி", அதாவது திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர், என்பதற்கான வரையறைக்குள் பழைய குற்றப் பரம்பரை நுழைந்திருந்தது. 2024 தீர்ப்பின் கனமான பகுதிகளில் ஒன்று இதைப் பற்றியது. எந்தக் கூட்டமும் குற்றவாளியாகப் பிறப்பதில்லை என்பதை நீதிமன்றம் வெளிப்படையாகவே சொன்னது.

என்ன சொன்னது நீதிமன்றம்

சமத்துவம் பற்றிய அரசியலமைப்பின் 14, 15ஆம் உறுப்புகள் மீறப்பட்டன என்பது எதிர்பார்த்ததே. கைதிகளை வகை பிரிக்கலாம். ஆனால் அந்தப் பிரிவு, திருத்துவது, பாதுகாப்பது என்ற சிறையின் நோக்கத்தோடு பொருந்த வேண்டும். சாதி எப்படிப் பொருந்தும்? சாதியைக் கணக்கில் எடுப்பதே தவறு என்றும் நீதிமன்றம் சொல்லவில்லை. பாகுபாட்டுக்கு ஆளானவர்களைக் காக்கவும் உயர்த்தவும் எடுக்கலாம், அமுக்க எடுக்கக் கூடாது. இட ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் "சாதியே பார்க்கக் கூடாது" என்று இந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வர முடியாதபடி அந்தக் கதவை மூடிவிட்டார்கள். எனக்குத் தீர்ப்பில் மிகவும் பிடித்த இடம் அது.

தீண்டாமை ஒழிப்புக்கான 17ஆம் உறுப்பும் வந்தது. ஒரு வேலையைச் செய்து "பழகிய" சமூகம் என்று ஒன்றைக் குறிப்பதே தீண்டாமையின் வடிவம் என்றது அமர்வு. 23ஆம் உறுப்பு, அதாவது கட்டாய உழைப்புக்கான தடை, இன்னும் சுவாரசியமானது. தண்டனை பெற்றவரிடம் வேலை வாங்குவது சட்டப்படி சரி. ஆனால் ஒரு சாதிக்காரருக்கு மட்டும் மலம் அள்ளும் வேலை என்று ஒதுக்கி, நல்ல வேலைகளை இன்னொருவருக்குக் கொடுத்தால், அது கட்டாய உழைப்புதான் என்று தீர்ப்பு சொல்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சிறைச் சுவர்களுக்குள்ளும் பொருந்தும் என்றும் தெளிவுபடுத்தியது.

உத்தரவுகள் சுருக்கமாக: எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் விதிகளைத் திருத்த வேண்டும். மத்திய அரசு 2016 மாதிரிச் சிறைக் கையேட்டையும் 2023 மாதிரிச் சட்டத்தையும் திருத்த வேண்டும். சிறைப் பதிவேடுகளில் சாதிப் பத்தி நீக்கப்பட வேண்டும். சீர்மரபினரைக் கண்மூடித்தனமாகக் கைது செய்யாமல் போலீஸ் முந்தைய தீர்ப்புகளின் வழிகாட்டுதலைப் பின்பற்ற வேண்டும். அப்புறம், சிறைகளில் நடக்கும் பாகுபாடு குறித்து நீதிமன்றம் தாமாகவே ஒரு வழக்கைப் பதிவு செய்து தன் கையில் வைத்துக்கொண்டது.

2023 மாதிரிச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2016 கையேடு சாதி அடிப்படையில் சமையலறை நடத்தக் கூடாது என்று சொல்லியிருந்தது. ஏழு ஆண்டு கழித்து வந்த புதிய மாதிரிச் சட்டத்தில் அந்தத் தடையைக் காணவில்லை. வேண்டுமென்றே விட்டார்களா, மறதியா என்று தேட வேண்டியதில்லை. இரண்டும் ஒரே விளைவைத்தான் தரும். 2024 டிசம்பர் இறுதியில் உள்துறை அமைச்சகம் இரண்டிலும் திருத்தம் கொண்டுவந்தது.

பாளையங்கோட்டை

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தத் தீர்ப்பின் மையம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் மாநிலத்து அரசு பெரும்பாலும், "இதெல்லாம் வடக்கத்திச் சங்கதி" என்ற முகத்தோடு இருக்கும். ஆனால் சுகன்யா சாந்தாவின் மனுவில் சொல்லப்பட்ட வெளிப்படையான உதாரணங்களில் ஒன்று பாளையங்கோட்டை மத்திய சிறை. தேவர், நாடார், தேவேந்திரகுல வேளாளர் எனத் தனித்தனிப் பகுதிகளில் கைதிகள் வைக்கப்படுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு.

இது ஏற்கெனவே நீதிமன்றத்துக்குப் போன விஷயம்தான். இந்தப் பிரிப்பை எதிர்த்து அருள் என்பவர் தொடர்ந்த வழக்கில், 2014இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் சாதி மோதல்கள் சகஜம். அதைத் தவிர்க்கவே வெவ்வேறு சமூகத்தாரை வெவ்வேறு பகுதிகளில் வைக்கிறோம் என்பதே அந்த விளக்கம். ஆரா சிறையின் வெள்ளைக்கார அதிகாரி வந்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

உச்ச நீதிமன்றம் இதை நேரடியாக மறுத்தது. உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாடு, அமெரிக்காவில் கறுப்பின மக்களைத் தனியே ஒதுக்கியபோது சொல்லப்பட்ட "தனித்தனி, ஆனால் சமம்" என்ற வாதத்தைப் போன்றது என்றது. 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்ட வாதம் அது. 1954இல் பள்ளிகள் தொடர்பான வழக்கில் கைவிடப்பட்டது. இந்திய அரசியலமைப்பில் அதற்கு இடமில்லை, சாதிப் பிரிவினையைக் கொண்டுவராமல் ஒழுங்கைக் காப்பது சிறை நிர்வாகத்தின் பொறுப்பு என்று அமர்வு முடித்தது.

கொள்கையாகச் சரி. ஆனால் பாளையங்கோட்டையில் வேலை பார்க்கும் ஒரு சிறை அதிகாரியின் இடத்திலிருந்தும் யோசிக்க வேண்டும். 2021 ஏப்ரலில் அந்தச் சிறையில் ஒரு விசாரணைக் கைதி சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். சாதிப் பகை அதன் பின்னால் பேசப்பட்டது. அந்தக் கொலையைக் காட்டி, "பார்த்தீர்களா, பிரித்து வைக்காவிட்டால் இதுதான்" என்பவர்கள் உண்டு. பிரித்து வைக்கும் வழக்கத்துக்கு உயர் நீதிமன்றத்தின் ஒப்புதல் கிடைத்து ஏழு ஆண்டுகள் ஆன பிறகுதான் அந்தக் கொலை நடந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

ஒருவருக்கு இன்னொருவரிடமிருந்து ஆபத்து என்றால் இருவரையும் பிரித்து வைப்பது சிறை நிர்வாகத்தின் கடமை. வழக்கின் எதிர்த் தரப்பு, பழைய கொலைப் பகை, கும்பல் தொடர்பு, முதன்முறை வருகிறவர், பலமுறை வந்தவர் என்று ஆளுக்கு ஆள் பார்த்துப் பிரிக்கலாம். அதற்கு விவரம் சேகரிக்க வேண்டும், ஆட்கள் வேண்டும், இட நெருக்கடி குறைய வேண்டும். சாதி கேட்டுப் பிரிப்பதற்கு ஒரு கேள்வி போதும். செலவில்லாத வழி என்பதால்தான் அது பிடித்துப் போகிறது. அதன் விலையைக் கொடுப்பவர், எந்தப் பகையிலும் இல்லாமல் திருட்டு வழக்கிலோ செக் மோசடி வழக்கிலோ உள்ளே வந்து, சாதிக்காரர்களோடு சேர்த்து அடைக்கப்படும் இளைஞர். வெளியே சாதிச் சங்கத்தின் பக்கமே போகாதவர், உள்ளே பாதுகாப்புக்காக அந்தக் கூட்டத்தின் ஆளாகிவிடுகிறார். பகையைத் தடுக்க என்று சொல்லி ஆள் சேர்த்துக் கொடுப்பது அரசுதான்.

ரேகைச் சட்டத்தின் கீழ் பிறப்பாலேயே குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்ட சமூகத்தின் பேரப்பிள்ளைகளும், பாளையங்கோட்டையில் பிறப்பைக் கேட்டே அறை ஒதுக்கப்படுகிறவர்களில் இருக்கிறார்கள். இந்தத் தீர்ப்பின் இரு பகுதிகளும் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

தீர்ப்பு விட்டுவைத்தவை

இரண்டு விஷயங்கள் எனக்குத் திருப்தி தரவில்லை.

ஒன்று, வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் போனதும் அதன் இடத்துக்கு மாநிலங்கள் கொண்டுவந்தவை இவை. சென்னை மாகாணத்தில் 1948இலேயே வந்துவிட்டது. காகிதத்தில் இவை தனிநபரைப் பற்றியவை; நடைமுறையில் பழைய பட்டியலின் மக்கள் மீதே அதிகம் பாய்ந்தன. சிறைக் கையேடுகளில் வரும் "வழக்கமான குற்றவாளி" என்ற சொல்லுக்கு இந்தச் சட்டங்களின் வரையறையை மட்டுமே கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் நிறுத்திக்கொண்டது. இந்தச் சட்டங்கள் இனியும் தேவையா என்று மாநிலங்கள் யோசிக்கட்டும் என்றது. இந்தச் சட்டங்களின் செல்லுபடி இந்த வழக்கில் கேள்வியாக வைக்கப்படவில்லை, ஆகவே வேறு வழியில்லை என்பது சரி. ஆனால் கைரேகைக்கு எதிராக ஒரு நூற்றாண்டுக்கு முன் போராடிய மாநிலம், அந்த யோசனையை முதலில் செய்திருக்க வேண்டும்.

இன்னொன்று, சாதிப் பத்தி. பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டால் சாதி மறைந்துவிடுமா? நெல்லைப் பக்கத்தில் ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் சொன்னாலே பாதிக் கதை முடிந்துவிடும். வார்டருக்குப் பத்தி தேவையே இல்லை. அதே சமயம், எந்தச் சாதியினர் எவ்வளவு பேர் உள்ளே இருக்கிறார்கள் என்ற கணக்கு நமக்கு வேண்டும். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5.73 லட்சம் பேர் இருந்தார்கள். அதில் முக்கால் பங்கு விசாரணைக் கைதிகள். அவர்களில் தலித்துகளும் பழங்குடியினரும் மக்கள்தொகையில் உள்ள பங்கைவிட அதிகம் என்று சொல்ல முடிவதே தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சாதிவாரிக் கணக்கால்தான். பத்தி நீக்கம் அந்தக் கணக்கெடுப்பைத் தடுக்காது என்று நீதிமன்றம் பிறகு தெளிவுபடுத்தியது. நல்லது. ஆனால் சிறைப் பதிவேட்டில் இல்லாத தகவலை எப்படித் திரட்டுவது என்பதில், மாநிலத்துக்கு மாநிலம் ஒரு முறை என்று ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சிறைப் பார்வையாளர் குழுவும் சேர்ந்து சிறைகளை ஆய்வு செய்து, பாகுபாடு தொடர்கிறதா என்று அறிக்கை தர வேண்டும் என்பது உத்தரவு. அந்த அறிக்கைகள் மாநில ஆணைக்குழு வழியாகத் தேசிய ஆணைக்குழுவுக்கும், அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் போக வேண்டும். ஆய்வுக்குப் போகிறவர்கள் கண்காணிப்பாளரின் அறையில் தேநீர் குடித்துவிட்டு, "விதிகளில் சாதி எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டு வரலாம். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். பாளையங்கோட்டையில் நடந்தது எழுதப்பட்ட விதியால் நடந்ததல்ல. அவர்கள் பார்க்க வேண்டியவை மூன்று பட்டியல்கள்: எந்தப் பகுதியில் யார் யார், சமையலறையில் யார் யார், கழிவறை சுத்தத்தில் யார் யார். பட்டியலோடு கைதிகளிடம், அதிகாரிகள் பக்கத்தில் இல்லாமல், பேசவும் வேண்டும்.